சாமியார்பேட்டை விலை

"இன்னிக்கி யூனிட்டு என்னா வெலம்மா?"

போனில் தனக்கோடி. சாமியார்பேட்டை மீன்காரர். தினமும் ஆபீசுக்கு டீ வரும் நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்.

சிதம்பரம் மேலவீதியில் இருந்த அந்தத் தனியார் இன்சூரன்ஸ் கிளையில் மகேஸ்வரிக்கு 'முதலீட்டாளர் தொடர்பு அதிகாரி' என்று பதவி. பேர்தான் பெரிசு, வேலை என்னவோ திட்டு வாங்குவது. 2008 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தாலும் விழுந்தது, சந்தையை நம்பி ஜனங்கள் பாலிசியில் யூனிட் யூனிட்டாகப் போட்ட பணம் நாளுக்கு நாள் கரைந்தது. ஆசை காட்டி விற்ற ஏஜென்ட்டுகள் செல்போனை அணைத்துவிட்டார்கள். ஊர் மொத்தமும் கத்துவதற்கு மிச்சமிருந்தது மகேஸ்வரியின் காது ஒன்றுதான்.

கத்தாத ஒரே மனுஷன் தனக்கோடி. அவரிடம் போய், பத்து ரூபாய் யூனிட் இன்று எட்டு ரூபாய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஒம்பது ரூபாய்ங்கய்யா."

"பரவால்லியே. அப்ப தைரியமா இரு."

ஒரு ரூபாய்ப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். பாவி மகள், மறுநாளைப் பற்றி யோசிக்கவில்லை. மறுநாள் விலை இன்னும் இறங்கியது. நேற்று ஒன்பது சொல்லிவிட்டு இன்று ஏழரை என்றால் மனுஷன் நொந்துபோவாரே? பத்து என்றாள். அதற்கடுத்த நாள் பதினொன்று. இப்படியே போய், இந்தியா முழுக்க ஏழு ரூபாய்க்குக் கிடந்த யூனிட் சாமியார்பேட்டையில் மட்டும் பதிமூன்று ரூபாய்க்கு ஓடியது.

பதிமூன்று சொன்ன அன்று சாயங்காலமே தனக்கோடியின் மச்சான் சுப்புராயன் போனில் வந்தார். திட்டுவதில் அவர் பழைய வாடிக்கை.

"எங்க மாமாகிட்ட நீ பதிமூணுன்னு சொன்னத பக்கத்துல ஒக்காந்து கேட்டேன். எனக்கு மட்டும் ஏழுங்கிற. ஆளுக்கு ஒரு வெலயா?"

மகேஸ்வரி அவசரமாக ஒன்றை இட்டுக்கட்டினாள். "அது... அவருது வேற திட்டம் சார்."

"அப்ப அந்தத் திட்டத்துல எங்களயும் சேரு."

மறுநாள் காலையில் சாமியார்பேட்டைக் குப்பமே வரிசையாகப் போன் போட்டு 'தனக்கோடி திட்டம்' கேட்டது. மேனேஜர் இளவரசுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எந்தத் திட்டம்மா அது?"

"பழசு சார். இப்ப கெடயாது."

"கெடயாதுன்னா என்னா? புதுசு ஒன்னுத்துல சேத்து வுடுவோம். வெள்ளிக்கெழம அங்கயே கூட்டம். சாமியானா, மிக்சர், டீ. அந்தத் தனக்கோடிய மேடை ஏத்தி, லாபம் வந்த கதய அவரு வாயாலயே சொல்ல வெப்போம்."

மத்தியானம் சுப்புராயன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் தேன். "படகு எஞ்சினுக்கு ஆளு பாத்தாச்சும்மா. வித்த காச அப்டியே கொண்டாந்து போட்டுடறேன்."

உண்மையைச் சொல்லிவிடுவதென்று மகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு சாமியார்பேட்டைக்குக் கிளம்பினாள். எஞ்சினை விற்றுவிட்டு எதை வைத்துக் கடலுக்குப் போவார்? வேலை போனால் போகட்டும், மங்கலம்பேட்டைக்குப் போய் அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டலாம். தனக்கோடியை நினைத்தால்தான் தாங்கவில்லை. தன்னிடம் தன்மையாகப் பேசிய ஒரே மனுஷன், இனி அவரும் காறித் துப்புவார். அதை நினைத்துப் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரைக்கும் அழுதாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

தனக்கோடி வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பதிமூணெல்லாம் பொய்ங்கய்யா. ஏழுதான். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சுப்புராயன் சார் எஞ்சின விக்கப் போறாரு. எப்டியாவது நிறுத்துங்க."

தனக்கோடி அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபத்தைக் காணோம்.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்த? வெறும் வாய்ப்பேச்சுதானே, இன்னும் ஒன்னும் கை மாறல. நான் போயி சொல்லிக்கிறேன். நீ உள்ள போயி ஒக்காரு." சட்டையை மாட்டிக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

அவர் மனைவி விருத்தாம்பாள் உள்ளே கூட்டிப்போய்த் தட்டில் சோறு போட்டு, வஞ்சிரத் துண்டு ரெண்டை வைத்தாள். மகேஸ்வரிக்குக் கை போகவில்லை. இவ்வளவு நல்ல ஜனங்களையா ஏமாற்றினோம் என்று உடம்பு குன்றியது.

"உங்க பணத்துக்கு என்னால ஆனத செய்யறேம்மா. பாலிசி நம்பர் மட்டும் குடுங்க."

விருத்தாம்பாள் குழம்புக் கரண்டியோடு அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்களுக்கு ஏது கண்ணு பாலிசி? அன்னிக்கி எந்தம்பி கத்துன கத்துல நீ போன்லயே அழுதுட்டியாம், பக்கத்துல இருந்த இந்த மனுஷனுக்கு ராத்திரி சோறு எறங்கல. அதான், அந்தப் பொண்ணுகிட்ட தெனம் ஒருத்தராவது நல்லவிதமா பேசணும்னு வெல கேக்கறாப்ல போன் போட்டுக்கிட்டு கெடக்கறாரு."