சுழி அண்ணையும் கல்யாண ரசமும்

கனடாவில், ஸ்காபரோ கல்யாண மண்டபம் ஒன்றின் பின்கதவால் வெளியேறி, சேறாகிப்போன பனியில் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போனவர், ரசத்துக்குச் சோளமா கலந்து வேலை இழந்த உலகத்தின் ஒரே பௌதிக விஞ்ஞானி. போகிற போக்கில் என் வேலையையும் சேர்த்துத் தொலைத்தவர்.

அவரைச் சுழி அண்ணை என்போம். ஊரில் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், ஒரு வருடம் படித்தவர். அந்த வருடம் முழுக்கத் திரவங்களைப் பற்றி மட்டும்தான் படிப்பித்தார்களோ என்னவோ, வேறு எதுவும் அவர் தலைக்குள் இருக்கவில்லை. மெல்ல ஓடும் தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல நேராக வரும், அதுதான் அருவிக்கோட்டுப் பாய்ச்சல்; வேகம் கூடினால் குழம்பிச் சுழிக்கும். இதைக் கேட்பவர், கேளாதவர் எல்லோருக்கும் விளக்கியே பல வேலைகளைத் தொலைத்திருந்தார்.

பாத்திரம் கழுவச் சொன்னால் பைப்பை நூலளவு திறந்துவிட்டு ரசித்துக்கொண்டு நிற்பார். பஸ் வந்தால் ஏறமாட்டார். "வாசல்ல கொந்தளிப்பு, தம்பி. அடங்கட்டும்." அடங்கும்போது பஸ் போயிருக்கும். யாராவது சிகரெட் பற்றவைத்தால் மூச்சுவிட வேண்டாம் என்பார். புகை நேராகப் போய் எந்த இடத்தில் குலைகிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதற்காக வருந்தியதில்லை, அவரைக் கண்டபின் கொஞ்சம் பெருமையும் வந்தது.

இருவருக்கும், கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் கேற்றரிங் அன்ரியிடம் பந்தி பரிமாறும் வேலை. முந்திய கல்யாணத்தில் அண்ணை ஊற்றிய ரசம் பெண்ணின் தாயுடைய பட்டுச்சீலையில் தெறித்துவிட்டது. அன்ரி எங்களை நிற்பாட்டி வைத்துச் சொன்னார்:

"இன்னொரு சீலையில ஒரு சொட்டு விழுந்தாலும் ரெண்டு பேரும் வீட்டை போகலாம். சொல்லிப்போட்டன்."

மெதுவாக ஊற்றினால் போதும் என்பது என் அறிவு. அண்ணைக்கு அது போதாது.

"தேன் தெறிக்குதோ? தடிப்பான திரவம் லேசில சுழிக்காது, தம்பி. பிழை என்ரை கையில இல்லை, ரசத்தில."

"அண்ணை, ரசத்தோட விளையாடாதேங்கோ."

"உனக்கு விளங்காது. நீ போய் இலையைப் போடு."

நான் இலை போட்டுவிட்டு வருவதற்குள் ரசம் கொதித்த பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில் சோளமாப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது.

மாப்பிள்ளையின் தகப்பன் ரசம் குடிக்க உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். அண்ணை ஜக்கைச் சரித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சரித்தார். மிளகும் கொத்தமல்லியும் ஒட்டியபடி ஒரு நாக்கு மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது.

"எடேய், உது ரசமோ, வோல்பேப்பர் ஒட்டுற பசையோ?"

"பாருங்கோ ஐயா, ஒரு சுழி இல்லை! சுத்தமான அருவிக்கோட்டுப் பாய்ச்சல்!"

ஒருவழியாக அது உள்ளங்கையில் வந்து குந்தியது. அவர் கையைக் கவிழ்த்தார். அது விழவில்லை.

எந்தச் சீலையிலும் ஒரு சொட்டும் படவில்லை என்று அன்ரிக்கு எடுத்துச் சொன்னேன்.

"கோதாரி விழுவாரே, ரெண்டு பேரும் வெளியில போங்கோ!"

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது அன்ரியின் அழைப்பு வந்தது. அவர் குரலுக்குப் போனே தேவையில்லை.

"நீ நாளைக்கு வா. உந்த விசரன் வேண்டாம்."

அண்ணைக்கும் கேட்டுவிட்டது. தெருவோரம் உருகி ஓடிய பனித்தண்ணீரை, அதில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். "போ, தம்பி. எனக்கு வேற இடம் கிடைக்கும்." அவரை அறிந்த எவரும் அவரை வேலைக்கு வைக்கமாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும். பஸ் வந்ததும் முண்டியடித்து எனக்கு முன்னால் ஏறினார், முகத்தைக் காட்டாமல்.

மறுநாள் காலை நான் அன்ரியிடம் போகவில்லை. பக்கத்து ஊரான விட்பியில் முட்டை தரம் பிரிக்கும் இடமொன்றில் ஆள் தேடினார்கள், அங்கே போன் எடுத்தேன். நாள் முழுக்கக் குளிரில் நின்று செய்யும் வேலை. முட்டை உடைந்தாலொழிய அங்கே எதுவும் வழிந்தோடாது. மேற்பார்வையாளர் எங்கள் ஆள்தான். எப்போது தொடங்கலாம் என்று கேட்டார்.

"இண்டைக்கே," என்றேன். "ஆனால் நாங்கள் ரெண்டு பேர். சேர்த்து எடுத்தால்தான் வருவம்."