பதினேழாம் எண் யார்?

பெண்களின் மானத்தைக் காப்பதில் அந்தச் சுகாதார அலுவலகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு வந்த நாற்பது பேரின் விவரம் வெளியே கசியக்கூடாது என்று உத்தரவு வந்ததும், கிளார்க் அதைச் சிரமேற்கொண்டார். மாதிரிக் குப்பிகளில் பெயருக்குப் பதில் எண் ஒட்டினார். வரிசைப்படி ஒட்டினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று கலைத்துப்போட்டு ஒட்டினார். எந்த எண் யாருக்கு என்பதை வந்தவர்களிடமும் சொல்லவில்லை; எழுதிய ஏட்டையும் சாயங்காலமே கொளுத்திவிட்டார். ஏடு இருந்தால்தானே யாராவது பார்ப்பார்கள்! அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

முடிவு வந்ததும் முகாமில் மாதிரி எடுத்த நர்ஸ் பிரித்துப் படித்தாள். முப்பத்தொன்பது பேர் நலம். பதினேழாம் எண்ணுக்கு மட்டும் செல்களில் மாற்றம். இப்போதே கவனித்தால் சின்னச் சிகிச்சையோடு போய்விடும், விட்டால் புற்றுநோயாகலாம்.

"பதினேழு யாருங்க?" என்று கிளார்க்கிடம் கேட்டாள்.

"எனக்கே தெரியாது சிஸ்டர்," என்றார் அவர் பெருமையோடு. "அவ்வளவு ரகசியம்."

படுபாவி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, நாற்பது பேரிடமும் மறுபடி மாதிரி எடுக்க அனுமதி கேட்டு பெரிய அதிகாரியம்மாவுக்கு எழுதினாள். நலமாயிருக்கும் முப்பத்தொன்பது பேருக்கு மறுபரிசோதனை வீண், ஆகவே பதினேழாம் எண்ணை மட்டும் அழைத்துச் செய்யவும் என்று பதில் வந்தது. நாலு தடவை எழுதினாள். நாலு தடவையும் அதே பதில். நாற்பதில் ஒருத்தியான தையல்காரம்மா வழியில் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்லையே சிஸ்டர்?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அதிகாரியம்மாவின் அறைக்கே போய் நின்றாள். அம்மா கோப்பிலிருந்து நிமிரவேயில்லை.

"முப்பத்தொன்பது பேர் நல்லாத்தானே இருக்காங்க? ஒருத்திக்காக ஏன் இப்படி அலட்டிக்கிறே?"

"முகாமைத் தொடங்கி வைக்கிறப்போ நீங்களும் மாதிரி குடுத்தீங்க மேடம். அந்த நாற்பதுல நீங்களும் ஒருத்தர்."

பேனா நின்றது. பத்து வாரமாக அசையாத கோப்பு பத்து நிமிஷத்தில் கையெழுத்தாகி வந்தது. மறுநாள் காலையில் நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். அம்மாதான் முதல் ஆள். அப்பாடா என்று நர்ஸுக்கு மூச்சு வந்தது. புது ஏட்டைப் பிரித்தாள்.

"இந்தத் தடவை பேரை எழுதிடறேன் மேடம்."

அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டவே வேண்டாம். நாலு பேர் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? நம்பர் மட்டும் போடு."

"அதான் சரி. எங்க பேரும் வேண்டாம் சிஸ்டர்," என்றாள் தையல்காரம்மா. மற்ற முப்பத்தெட்டு பேரும் தலையாட்டினார்கள்.