இருபது நிமிஷம் இளையவர்

புதுக்கோட்டை போய்த் திரும்பிய பஸ்ஸிலிருந்து டைம்பீஸை வாங்கிவந்து, வீட்டுச் சுவர்க்கடியாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆத்மநாதன் வாத்தியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. காலையில் இரண்டையும் நொடி பிசகாமல் சேர்த்து வைத்து, டைம்பீஸை டிரைவரிடம் கொடுத்தனுப்பியவர் அவர்தான். இப்போது டைம்பீஸ் ஐந்து நிமிஷம் பின்னால் கிடக்கிறது!

"வேகமாப் போற வண்டியில கடியாரம் மெதுவாகும்" என்று ஆலங்குடிப் பள்ளிக்கூடத்தில் சார்பியல் பாடம் சொன்னதில் வந்த வினை. ஆகும்தான். ஆனால் ரஷ்யாக்காரன் விட்ட ராக்கெட்டில் கட்டி அனுப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது. தலைமையாசிரியர் உடையப்பன் விட்டாரா?

"எங்க, கண்ணால காட்டுங்க பாப்போம்!"

"காட்டலைன்னா வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போறேன்!"

நாலு பெண்ணைப் பெற்ற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

இப்போது பயம் வேறு தினுசு. ஐந்து நிமிஷம் ஆகவே கூடாதே! கடியாரங்களைத் திருத்தாமல், மறுநாளும் டைம்பீஸை அனுப்பினார்.

"மூக்கா, இன்னிக்குப் பஸ்ஸை மெதுவா ஓட்டுப்பா."

டிரைவர் மூக்கன் உருட்டினான். ஜனங்கள் ஏசினார்கள். வித்தியாசம் பத்து நிமிஷம்! பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து பள்ளிக்கூடத்துக்கும் லேட். உடையப்பனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் இரண்டு பீரியடைக் கோட்டைவிட்டு, டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு அவரே போய் வந்தார். அடக் கடவுளே, இருபது நிமிஷம்!

"அழகி, எனக்கு இருபது நிமிஷம் வயசு கொறஞ்சுபோச்சுடி!"

"வயசு கெடக்கட்டும்ங்க, வேலை இருக்கணும். நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போற வழியைப் பாருங்க" என்றாள் மனைவி.

திருச்சிப் பௌதிகப் பேராசிரியர் ஒருவருக்குத் தந்தி அடித்தார். சனிக்கிழமை அவர் பஸ் பிடித்து வந்தேவிட்டார். கூடவே உடையப்பன், ராஜினாமா எழுத வெள்ளைத்தாளோடு.

பேராசிரியர் தன் கைக்கடியாரத்தைப் பார்த்தார். அதுவும் டைம்பீஸும் ஒரே மணி. சுவர்க்கடியாரம் மட்டும் இருபது நிமிஷம் முன்னால்.

"ஐயோ, என் வாட்சும் பஸ்லதானே வந்துச்சு! இதுவும் பின்தங்கிடுச்சே!"

பேராசிரியர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உடையப்பன் கையிலிருந்த தாள் நழுவி விழுந்தது.

"வாத்தியாரே, ஒங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே!"

ஆத்மநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை பிழைத்தது, பேரும் உலகம் பூராவும் பரவப்போகிறது.

காபியோடு வந்த அழகி, பேயறைந்தாற்போல் இருந்த மூன்று பேரையும் பார்த்து மிரண்டாள்.

"எதுக்குங்க எல்லாரும் அந்தச் செவுத்துக் கடியாரத்தையே மொறைக்கிறீக? இவுக தெனம் லேட்டாப் போயிப் பேச்சு வாங்குறாகளேன்னு, நான்தான் முள்ளை முன்னால தள்ளித் தள்ளி வச்சுக்கிட்டு வாரேன்!"