மாமியின் வெள்ளைக்கரைப் புல்

நெடுந்தீவு மேற்கு,
வைகாசி, 1989

அன்பும் மதிப்பும் மிக்க மாமிக்கு,

மருமகள் வதனா வணக்கத்துடன் எழுதுவது. நயினை அம்மன் அருளால் ஐயாவும் அம்மாவும் நானும் சுகம். மாடும் சுகம். அது வழமையைவிடச் சற்றுக் கூடுதலாகவே சுகமாக இருப்பதன் காரணத்தைச் சொல்லத்தான் இக்கடிதம்.

நீங்கள் மகனோடு கொழும்புக்குப் போனபோது, மாமா இருந்த காலத்தில் கண்டியிலிருந்து கொண்டுவந்து நம் வளவில் நட்ட வெள்ளைக்கரைப் புல்லை என்னிடம் ஒப்படைத்தீர்கள். மாசியில் எழுதிய கடிதத்தில், "அவர் நட்ட புல்லு உயிரோட நிண்டால் எழுது, ஆனியில நயினாதீவுத் திருவிழாவுக்கு வாறன், இல்லையெண்டால் அங்க எனக்கு என்ன கிடக்கு?" என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பேராசை பிடித்தது. ஒரு பற்றைக்காகவே வருவீர்கள் என்றால், படலையிலிருந்து வாசல்வரை இரு பக்கமும் அது நின்றால் திரும்பிப் போகவே மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

பற்றையைக் கிண்டியெடுத்து வேரோடு துண்டு துண்டாகப் பிரித்தேன். மழைக்காலம்வரை பொறுக்கும்படி தோட்டப் புத்தகத்தில் இருந்தது, ஆனி பொறுக்காதே. ஐயா பார்த்துவிட்டு, "ஒண்டாய்க் கிடந்ததைப் பங்கு பிரிக்க எங்கட சனத்துக்குப் புத்தகமும் வேணுமே?" என்றார். எங்கள் கிணறு உவர்த்துவிட்டதால் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தேன். அங்கே மரியநாயகி அக்கா, "தின்னக் குடுக்காமல், பார்க்கிறதுக்கோ புல்லு வளர்க்கிறாய்? அடுத்த பிறப்பில உங்கட வளவில ஆடாய்ப் பிறக்கக் கூடாது பிள்ளை" என்றா, கிணற்றடி முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன், குடம் சரிந்து பாதித் தண்ணீர் போனது. இருந்தும் எல்லாத் துண்டும் வேர்பிடித்து, முழங்கால் உயரத்துக்கு வந்து, காற்றுக்கு வெள்ளைக்கரை காட்டியது.

பிறகு புங்குடுதீவில் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம். மாட்டைப் பார்க்கும்படி பக்கத்து வளவுச் சிவபாதமண்ணையிடம் சொல்லிவிட்டுப் போனோம். கடல் கொந்தளித்ததால் குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்துக் கிடந்து, ஒருவாறு வந்து படலையைத் திறந்தால், இரு பக்கமும் நிலமட்டத்துக்கு அரிந்த புல்லுக் கட்டைகள். சிவபாதமண்ணை பெருமையோடு வந்தார். "வைக்கல் முடிஞ்சு போச்சுப் பிள்ளை. கோடைக்கெண்டு நீர் வலு கெட்டித்தனமாய் நட்டு வைச்சிருக்கிறீர். ஒரு இலையும் வீணாக்கேல்லை!"

நான் நன்றி சொன்னேன், மாமி. வேறென்ன சொல்ல ஏலும்? அவர் வீட்டு வைக்கலையும் எங்கள் மாட்டுக்குத்தான் போட்டிருக்கிறார்.

மாமா நட்ட இடத்திலேயே ஒரு பிடியையாவது கிண்டாமல் விட்டிருக்கலாம். உங்களை இங்கேயே வைத்திருக்க ஆசைப்பட்டு, நீங்கள் வருவதற்கிருந்த ஒரே காரணத்தையும் தொலைத்துவிட்டேன். பார்க்க மனமின்றி இப்போது பின்படலையால்தான் போய் வருகிறேன். ஆகவே இந்த ஆனியில் வரவேண்டாம். வெறும் மண்ணைக் காட்டி உங்களை உள்ளே கூப்பிட எனக்கு முகமில்லை.

உங்களுக்கும் மச்சானுக்கும் அம்மன் குறையொன்றும் வையாதிருக்கட்டும்.

என்றும் அன்புள்ள,
வதனா

பி.கு.: இன்று காலை இதை வள்ளத்தில் கொடுத்தனுப்ப அவசரமாக முன்படலையால் போனேன். கட்டைகள் எல்லாவற்றிலும் குருத்து, வெள்ளைக்கரையோடு! ஐயா எனக்குச் சொல்லாமல் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். கடதாசித் தட்டுப்பாட்டில் வேறு கடிதம் எழுத ஏலாது. மேலே உள்ளதை விட்டுவிட்டு இதை மட்டும் வாசியுங்கள்: வாருங்கள். ஆனிவரை பொறுக்கவும் வேண்டாம். சிவபாதமண்ணை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வலு சோக்காய்த் துளிர்க்குது பிள்ளை. இனி எப்ப கலியாணத்துக்குப் போறியள்?" என்று கேட்கிறார்.