மூடியைப் பார்த்து ருசி சொல்பவர்

மனிதரில் ஒரு ரகம் உண்டு. நாக்கை வாய்க்குள் வைத்திருப்பார்கள். ருசியை மட்டும் கண்ணில் வைத்திருப்பார்கள். எதைக் கொடுத்தாலும் முதலில் மூடியைப் படிப்பார்கள், டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பார்கள், எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரிப்பார்கள், தெரிந்த பெயராக இருந்தால் வாயில் வைக்கும் முன்பே "ஆகா" என்பார்கள், தெரியாத பெயராக இருந்தால் விழுங்கும் முன்பே முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு தின்பது எதற்கு? ஒரு மரியாதைக்குத்தான்.

மதுரையில் இந்த விஷயத்தில் எங்கள் தெரு துளசிராம் அண்ணனை விஞ்ச ஆள் கிடையாது. காபித்தூளோ பெருங்காயமோ, அவருக்கு உலகத்தில் ஒரே கம்பெனிதான். மற்றதெல்லாம்? "டூப்ளிகேட்டுய்யா!"

இப்பேர்ப்பட்டவர் கையில் போன மாதம் ஒரு பெண்ணின் பிழைப்பு மாட்டிக்கொண்டது. அதே தெருவில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் சுஃபியாவுக்கு முதன்முதலாக ஒரு பெரிய ஆர்டர் வரப் பார்த்தது: ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் வலீமா விருந்துக்குச் சீஸ்கேக். மாப்பிள்ளையின் அண்ணன் முகமது ஆசிப், கப்பலூர் கம்பெனியில் துளசிராமோடு வேலை பார்ப்பவர். "துளசி ருசி பார்த்துச் சரின்னு சொன்னா ஆர்டர் உனக்கும்மா" என்று சொல்லிவிட்டார்.

சுஃபியா இரண்டு வகை க்ரீம் சீஸிலும் செய்து பார்த்தவள். பெயர்பெற்ற வெளிநாட்டுச் சரக்கு கெட்டியாக இருக்கும். சூப்பர் மார்க்கெட்காரர்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்பது கொஞ்சம் நீர்விடும். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்துவிட்டால், ஓவனில் வெந்து வரும்போது எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, நம் அண்ணனுக்குத் தெரியாமலா போகும்?

ருசி பார்க்க வீட்டுக்கு வந்த அண்ணன் முன்னால் சுஃபியா தட்டை வைத்தாள்.

"அந்த வெளிநாட்டுக் கம்பெனி சீஸ் இப்ப மதுரையில எங்கயும் ஸ்டாக் இல்லண்ணே. கடை சீஸ்லதான் செஞ்சிருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"கடை சீஸா? சுண்ணாம்பு வாசம்ல அடிக்கும்!"

அண்ணன் தட்டைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. சுஃபியா போனாள். நிபுணர் சும்மா இருப்பாரா? ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே அந்த வெளிநாட்டு டப்பா! ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார், கண்ணை மூடினார், உடனே ஆசிப்புக்குப் போன் போட்டார்.

"மாப்ள, ஒரிஜினல் சரக்கை உள்ள வச்சுக்கிட்டு இந்தப் புள்ள என்னமோ அடக்கமாப் பேசுது! லேசா ஒரு மண்வாசம் வருது பாரு, அதான் ஐரோப்பா! ஆர்டரைக் குடுத்துரு!"

திரும்பி வந்த சுஃபியா அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணே, அது உளுந்தமாவு. சாயங்காலம் வடைக்கு அரைச்சு வச்சது."

நம் ஊரில் எந்த வீட்டில் நல்ல டப்பாவைத் தூக்கி எறிகிறார்கள்? சீஸ் தீர்ந்தால் மாவு, மாவு தீர்ந்தால் புளி. மூடியை மட்டும் படித்தவருக்கு இது எப்படித் தெரியும்?

பாவம் சுஃபியா, வாய்க்கு வந்த ஆர்டர் மாவோடு போய்விடுமோ என்று பயந்துபோனாள். அண்ணனோ அசரவில்லை. உதட்டில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டார்.

"மாவா? அந்த டப்பாவுல இருந்ததாலதாம்மா இம்புட்டு ருசி! நீ கடை சீஸ்லயே செய்யி. ஆனா ஒரு நாள் அந்த டப்பாவுல போட்டு வச்சுட்டுச் செய்யி. டப்பாவுக்குன்னு ஒரு குணம் இருக்குல்ல?"

சுஃபியா ஆசிப்பைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் சிரித்து ஓயவே வெகு நேரமானது. ஆர்டர் நிலைத்தது. விருந்தில் சீஸ்கேக் தட்டுகளை வழித்து வைத்துவிட்டார்கள். துளசிராம் அண்ணன் மூன்றாவது துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் டப்பாவின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்: இந்தப் பக்கத்தைத் திறந்ததும், எழுதியது யார் என்று பார்த்துவிட்டுத்தானே, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தீர்கள்?