ரெண்டு மணிப் பால்

சரியாக இரவு இரண்டு மணிக்குக் கவின் வீறிட்டான். கோகிலவாணி எழுந்து உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டாள். இன்றைக்குப் பால் நான்கே நிமிடம். நேற்று ஆறு, முந்தாநாள் எட்டு.

"பத்து மாசம் ஆச்சு, எடையும் நல்லாருக்கு. இனி ராத்திரிப் பால் தேவையில்லம்மா. கொஞ்சங்கொஞ்சமாக் குறைங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை அவள் மருந்துக்கடை வேலைக்குத் திரும்ப வேண்டும். தூக்கம் கெட்ட கண்ணோடு போன வாரம் ரசத்தில் சர்க்கரையைப் போட்டவள் அவள். கடையில் ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால்?

நான்கு நிமிடம் ஆனதும் விலக்கினாள். பயல் ஊரையே கூட்டினான்.

மறுநாள் இரவு கணவன் ஜெயபிரகாஷ் களத்தில் இறங்கினான்.

"பால் வாசம் அடிச்சாக் கேக்கத்தான் செய்வான் புள்ள. நீ சமையக்கட்டுல படுத்துக்க, நான் பாத்துக்கறேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான்! கவின் அப்பாவின் மாரைத் துழாவி, ஏமாந்து, இருபது நிமிட அழுகையை நாற்பது நிமிடமாக்கினான்.

"ஏனுங்க, குடுத்தறட்டுங்களா?"

"உள்ள வராத! பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்."

பால் கட்டி மார் வலிக்க, வெறுந்தரையில் படுத்து அவளும் அழுதாள். பெற்ற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்?

அடுத்த நாள் படுக்குமுன் வயிறு முட்ட ராகிக்கூழ் ஊட்டினார்கள். இரண்டு மணிக்கு அதில் பாதி ஜெயபிரகாஷின் பனியனுக்கு வந்து சேர்ந்தது. அழுகை ஒரு மணி நேரம்.

அவர்கள் இருந்தது குமாரபாளையத்தில், விசைத்தறிக்கூடத்தின் சுவரை ஒட்டிய வாடகை வீடு. பன்னிரண்டு தறி இராப்பகலாக ஓடும். குடிவந்த புதிதில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இப்போதோ தறி ஓடுகிறதா நிற்கிறதா என்பதுகூட இருவர் காதிலும் ஏறுவதில்லை. கவினுக்குப் பிறந்ததிலிருந்தே தாலாட்டு அதுதான். பகலில் கரண்ட் போனால் மட்டும் சட்டென்று விழித்துக்கொள்வான். மின்விசிறி நின்றுவிட்டதே என்று கோகிலா ஓடிவந்து விசிறுவாள்.

ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டும் ராசம்மாள் சனிக்கிழமை காலை வாசலில் நின்று கேட்டாள்.

"பையன் நேத்தும் அழுதானே சாமி?"

"ஆமாங்க்கா. உங்களுக்கும் தொந்தரவு."

"எனக்கென்ன தொந்தரவு? அவன் அழுவறதக் கேட்டா எனக்குக் கையே ஓடறதில்ல. இன்னைக்கு நான் வல்ல சாமி, மல்லசமுத்திரத்துல ஒரு கண்ணாலம். எனக்குப் பதுலு ஜீவா வாரான்."

அன்று இரவு படுத்த கோகிலா கண் விழித்தபோது காலை மணி ஆறு. பதறிப்போய்ப் பிள்ளையின் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக மூச்சு வந்தது. கவின் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா! நம்ம வைத்தியம் எப்பிடி?" என்று ஜெயபிரகாஷ் மீசையை முறுக்கினான்.

கோகிலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளையின் தலையைத் தடவினாள். ஒரே ராத்திரியில் இவனுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனா? நிம்மதியும் துக்கமும் ஒன்றாக வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சாயந்தரம் ராசம்மாள் கல்யாண வீட்டு லட்டோடு வந்தாள். "அக்கா, பையன் நேத்து முழிக்கவே இல்லீங்க. பாலை மறந்துட்டான்!" என்றாள் கோகிலா.

ராசம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பாடா! ஜீவா டீக்குக்கூட நிறுத்தாம விடியவிடிய ஓட்டுனானாமே, அந்தச் சத்தத்துல இந்தத் தங்கம் எப்பிடித் தூங்குச்சோன்னு பதறிட்டு வாரேன். நானுன்னா ரெண்டு மணிக்கு டீக்குத் தறியெல்லாம் நிறுத்துவேன், நிறுத்துனதும் இவன் அழுவறது கேக்கும், பாவம் தூங்கட்டும்னு அவன் அடங்கற வரைக்கும் ஒரு தறியும் ஓட்டமாட்டேன். மொதலாளி வையட்டும் சாமி, இன்னைக்கும் நான் நிறுத்திப்போடறேன்!"