அசல் கல் பேனாவும் மாமாவின் லைட்டரும்

ஆம்பூரில் ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் கெட்ட வார்த்தை தேவையில்லை. ‘சிந்தெடிக்’ என்றால் போதும். (கோபம் ஜாஸ்தியானால் ‘ரெக்சின்’.) தோலை நம்பிச் சோறு தின்கிற ஊர் அது. அங்கேயே பிறந்து, ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற வேலையும் பார்த்துக்கொண்டு, ஒரு சிந்தெடிக் பொருளை அசல் என்று சொல்லி என் நிச்சயதார்த்தத்துக்கே எடுத்துக்கொண்டு போனவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பேனா கடைகிற பைத்தியம். வீட்டின் பின்பக்கத்தில் தையல் மெஷின் அளவுக்கு ஒரு லேத் வைத்திருந்தேன். வேம்பு, தேக்கு, மாட்டுக்கொம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கடைந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பேன். (நான் எதிரில் இருக்கும்போது மட்டும் அதில் எழுதுவார்கள்.) வேலூரில் நர்ஸாக இருந்த ஜென்சியை எனக்குப் பேசி முடித்ததும், சர்ச் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஒரு கல் பேனா செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன்.

நிஜக் கல்லை என் லேத்தில் மாட்டினால் தேய்வது லேத்துதான். அதனால் பேனா கடைகிறவர்கள் செயற்கைக் கல் வாங்குவார்கள். கல் பொடியைப் பிசினில் குழைத்து, அழுத்தி இறுக்கி, விரல் நீளத் துண்டுகளாக அறுத்து விற்பது அது. பார்க்கக் கல், தொட்டாலும் கல் போலக் குளிர்ச்சி, உளிக்கு மட்டும் கொஞ்சம் இரங்கும். கூரியரில் மூன்று துண்டு வரவழைத்தேன். ஒன்று நீலம், அதில் தங்கக் கோடு ஓடியது. இன்னொன்று பச்சை, கறுப்பு வரி விழுந்தது. மூன்றாவது சுத்தக் கறுப்பு. மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை.

ஜென்சிக்குப் போட்டோ அனுப்பினேன். நீலம்தான் அழகு, அந்தத் தங்கக் கோட்டுக்காகவே அதை எடுக்கலாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க மேஜையில் தோலை விரித்து, நரம்பு தெரிந்தால் தள்ளு, வரி இருந்தால் தள்ளு என்று பிரிக்கிறவன் நான். என் கண்ணுக்கு நீலம் செகண்ட்ஸ், பச்சை அதைவிட மோசம், கறுப்பு ஒன்றுதான் ஏ கிரேடு. நர்ஸுக்கு என்ன தெரியும் என்று கறுப்பையே எடுத்தேன். (இந்த வாக்கியத்தை இன்று என் வீட்டில் சத்தமாகப் படிக்க முடியாது.)

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடைந்தேன். உளி மொக்கையானது. தும்மினால் கறுப்பாக வந்தது. பாலிஷ் போட்டதும் பேனாவில் என் முகமே தெரிந்தது. என்ன கல் என்று கேட்டவர்களிடமெல்லாம் அசல் கருங்கல் என்றேன். செயற்கை என்று சொல்ல ஆம்பூர் நாக்குக்கு வரவில்லை.

நிச்சயதார்த்தம் வேலூரில், ஜென்சி வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. போதகர் ஜெபம் செய்தார், மோதிரம் மாற்றிக்கொண்டோம். அதோடு நான் பேசாமல் சாப்பிடப் போயிருக்கலாம். விதி யாரை விட்டது? பேனாவை எடுத்து மாமாவிடம், அதாவது ஜென்சியின் அப்பாவிடம், நீட்டினேன். அவர் முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் ஃபோர்மேனாக இருந்தவர். சிகரெட் தொடமாட்டார், ஆனாலும் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லைட்டர் இருக்கும். தோலில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் நெருப்பு காட்டுவார். முடி கருகிய வாடை வந்தால் தோல், பிளாஸ்டிக் வாடை வந்தால் ரெக்சின்.

மாமா பேனாவைத் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார், முகர்ந்தார்.

“இன்னா கல்லு மாப்ள இது?”

“அசல் கருங்கல், மாமா.”

“ஒரு கோடு கூட காணமே,” என்றார். “என் சர்வீஸ்ல குறையே இல்லாத தோல ஒரு வாட்டி கூட பாத்ததில்ல. உண்ணி கடிச்சிருக்கும், முள்ளு கீறியிருக்கும். ஒண்ணுமே இல்லன்னா அது ரெக்சின்தான்.”

கல்லுக்கு நெருப்பால் என்ன ஆகப்போகிறது என்று அவரே நியாயமும் சொல்லிவிட்டு லைட்டரை எடுத்தார். தடுக்க நான் கை நீட்டுவதற்குள் நெருப்பு மூடியின் ஓரத்தைத் தொட்டது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடி, அது நிஜமாகவே கல்தானோ என்று நானே நம்பினேன். அப்புறம் ஓரம் குமிழி விட்டது, பொசுங்கியது, புகைந்தது. வாடை கிளம்பியது.

அந்த மாடியில் இருந்த பாதிப் பேர் தோல் தொழிலில் இருப்பவர்கள். அத்தனை மூக்கும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தது. (மூக்கு பார்க்குமா என்று கேட்காதீர்கள். அன்று பார்த்தது.) பிரியாணி எடுத்து வந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா லைட்டரைப் பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயங்கரம்.

“பேனாவே இப்டின்னா, மத்ததெல்லாம்?” என்றார்.

அந்த அதிர்ச்சியில் எனக்கு மூளை நின்றுபோய் வாய் மட்டும் ஓடியது. கம்பெனி வேலை அசல்தான் என்றேன். டிப்ளமாவில் இரண்டு அரியர் வைத்துத்தான் பாஸானேன் என்றேன். முன்தலை நரைக்கு டை அடிக்கிறேன் என்றேன். முழு பைபிளையும் படித்ததாகச் சொன்னது பொய், நான்கு சுவிசேஷம் மட்டும்தான் படித்தேன் என்று போதகரைப் பார்த்துச் சொன்னேன். இதையெல்லாம் யாருமே கேட்கவில்லை.

மாமா என் மோதிரத்தைப் பார்த்தார். கழற்றச் சொல்லப் போகிறார் என்று என் விரல் தானாக மடங்கிக்கொண்டது. எனக்கு ஜென்சியை ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு விரல் நீளத் துண்டுக்காகச் சொன்ன பொய்யில் அவளை இழக்கப் போகிறேனே என்று அழுகை முட்டியது.

ஜென்சி எழுந்து வந்து பேனாவை வாங்கினாள். காயத்தைப் பார்ப்பது போல அந்தப் பொசுங்கிய ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“இப்பதான் ஒரு குறை வந்துட்ச்சேப்பா, இனிமே அசல்னே வெச்சிக்கலாம்,” என்றாள். “நீலத்த எடுக்கச் சொன்னேன், கேக்கல. அதான் பெரிய குறை. அத நான் பாத்துக்கறேன்.”

போதகர்தான் முதலில் சிரித்தார். பிரியாணிக் கரண்டி மறுபடி நகர்ந்தது.

கல்யாணத்தன்று ரெஜிஸ்டரில் நாங்கள் கையெழுத்துப் போட்டது அந்தப் பேனாவில்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாமா, மூடியைத் திருப்பி மாட்டும் முன் ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தார். நீலத் துண்டைப் பிறகு கடைந்து ஜென்சிக்குக் கொடுத்தேன், பெட்டி மேலேயே ‘செயற்கைக் கல்’ என்று எழுதி.

இன்றுவரை எங்கள் வீட்டில் யார் கதை அளந்தாலும், நெருப்பு காட்டலாமா என்பதுதான் கேள்வி. போன வாரம் வேலூர் வீட்டில் இருந்த ஜென்சிக்குப் போன் செய்து, காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன், இதோ வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். உண்மையில் ஆம்பூர் பிரியாணிக் கடையில் இலைக்கு முன்னால் இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அடுப்பு லைட்டர் மட்டும் ‘டிக், டிக்’ என்று இரண்டு தடவை கேட்டது.